இரட்டைப் பிள்ளைக்காரி மிதிக்காத கால்

திண்டுக்கல்லில் சுளுக்குப் பிடித்தவர்களில் பாதிப் பேரையாவது நான் மிதித்திருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் குதிகாலால் மூன்று தடவை நீவிவிட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிப்போகும் என்று இந்த ஊர் நம்புகிறது. மண்டி முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், கோர்ட்டுக் குமாஸ்தா என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "நல்லா அழுத்தி மிதி செபாஸ்தி" என்று முதுகைக் காட்டியவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூட என் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். என் கை தீட்டு, கால் தீட்டில்லை. இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

சுளுக்கு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும். நான் இரண்டாம் நாள் மிதிப்பேன். மூன்றாம் நாள் என் புகழ் தெருத் தெருவாகப் போகும். செபாஸ்தியம்மாள் என்ற முழுப் பெயர் என் ஞானஸ்நான நோட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு நான் இரட்டைப் பிள்ளைக்காரி.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நான் இரட்டைப் பிள்ளையே பெற்றதில்லை.

ஐம்பதாம் வருஷம் ஆஸ்பத்திரியில் எனக்குப் பாத்திமா பிறந்தாள். பக்கத்துக் கட்டிலில் கீரனூர்க்காரி அங்காளம்மாள் அதே நாளில் ஒரு பெண்ணைப் பெற்றாள். இருபது வயதுகூட இருக்காது. அப்போதெல்லாம் பிள்ளை பெற்றவளைப் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். எட்டாம் நாள் அவளுடைய இடது கால் மட்டும் வீங்கியது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். சுளுக்கு என்று முடிவு கட்டிவிட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அவள் அம்மா போர்வைக்குள் கையை விட்டுக் காலை எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தவள், "மூச்சு முட்டுதே" என்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இருமினாள், எச்சிலில் ரத்தம் வந்தது. டாக்டரம்மா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யார் தேய்த்தது என்று டாக்டரம்மா கேட்டபோது அந்த அம்மாக்காரி தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். காலுக்குள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது, தேய்த்ததில் அது பெயர்ந்து நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அங்காளம்மாளின் புருஷன் வந்து பிணத்தைக் கொண்டுபோனான். பொட்டைப் பிள்ளை, அதுவும் ஆத்தாளை முழுங்கிய பிள்ளை, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனான். பசியில் கத்திய குழந்தையை நான் எடுத்துப் பால் கொடுத்தேன். பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. லூர்து என்று பேர் வைத்தேன்.

இரண்டு பிள்ளைகளோடு புதுத் தெருவில் வாடகைக்குப் போய் இறங்கினோம். வீட்டுக்காரர் ராமர் வாசலிலேயே நின்று, "அட, ரெட்டைப் பிள்ளையா!" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "என் முதுகுப் பிடிப்பைச் செத்த மிதிச்சு விடும்மா" என்று படுத்தேவிட்டார். என் புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாத மனுஷன். "ஊரே சொல்லுது, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. லூர்துவை யாரும் அநாதை என்று சொல்லக் கூடாது. ஆத்தாளை முழுங்கியவள் என்று சொல்லவே கூடாது. அதற்காகத்தான் பதினோரு வருஷம் கண்டவன் முதுகையெல்லாம் மிதித்தேன். பாத்திமா குட்டை, நல்ல கறுப்பு. லூர்து ஒட்டடைக்கம்பு உயரம், மாநிறம். ஒன்று அப்பன் சாடை, ஒன்று அம்மா சாடை என்று ஊரே விளக்கமும் சொல்லிக்கொண்டது. நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அடுத்த வருஷமே அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். பத்து வருஷத்தில் அங்காளம்மாளின் காலைப் போல இன்னும் நான்கு கால்களைப் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், தொட்டுப் பார்க்கச் சொல்வார். அதனால் அந்தக் காலை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அறுபத்தொன்றில், ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை, வெங்காய மண்டி காத்தமுத்து முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய மகள் ராமுத்தாயைப் பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து, ஆண் பிள்ளை பெற்று, அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

முதலாளி சம்சாரம் அய்யம்மாள் நடையிலேயே நின்றிருந்தாள். "வா செபாஸ்தி. வெரசா மிதிச்சு விட்டுட்டுப் போ. வெள்ளிக்கிழமை சம்பந்திக தொட்டில் கட்ட வாராக. இவ நொண்டிக்கிட்டு நின்னா, நொண்டியைத் தலையில கட்டிட்டாகன்னு பேசுவாக."

மகளுக்கு வலிக்கிறது என்பதல்ல அங்கே கவலை. சம்பந்தி பார்த்துவிடுவார்களே என்பதுதான்.

அறைக்குள் போனேன். சன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, மூச்சுவிட இடமில்லாமல் வைத்திருந்தார்கள். ராமுத்தாய் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாதாம், ஒரு நாளைக்கு அரை டம்ளர்தானாம். வயக்காட்டில் கத்தரிச் செடிக்குக்கூட இதைவிட நிறையத் தண்ணீர் விடுவார்கள்.

"கால்ல எப்பம்மா சுளுக்குப் பிடிச்சுச்சு? எங்க போயி மிதிச்சே?" என்று கேட்டேன்.

"எங்கக்கா போனேன்? பிள்ளை பெத்ததுல இருந்து கட்டிலை விட்டு இறங்க விட்டாத்தானே" என்றாள்.

சுளுக்கு என்றால் ஒரு காரணம் வேண்டும். படியில் தடுக்கியிருக்க வேண்டும், பாரம் தூக்கியிருக்க வேண்டும். ஒன்பது நாள் மல்லாந்து படுத்திருந்தவளுக்குச் சுளுக்கு எங்கிருந்து வரும்? கூரையைப் பிய்த்துக்கொண்டு வருமா? அந்த வீட்டில் இத்தனை பேர் இருந்து ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். வலது கால் சாதாரணமாக, ஒல்லியாக இருந்தது. இடது கால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, பளபளவென்று உப்பியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. வலது காலைத் தொட்டேன், அது சுடவில்லை. கெண்டைக்காலில் லேசாக விரல் வைத்ததற்கே முகம் சுளித்தாள். பாதத்தை மேல்பக்கமாக மெல்ல மடக்கினேன். "ஆத்தாடி!" என்று கத்திவிட்டாள். சேலையை இழுத்து மூடினேன்.

"அம்மா, இது சுளுக்கு இல்ல. நான் மிதிக்க மாட்டேன். யாரும் மிதிக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது. படுத்த வாக்குலயே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில காட்டணும். இன்னைக்கே காட்டணும்."

அய்யம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னை மிதிக்கத்தான் கூப்பிட்டேன். வைத்தியம் கேக்கல. ஆஸ்பத்திரியில பீத்துணி அலசுறவளுக்கெல்லாம் டாக்டருன்னு நெனப்பு."

"பீத்துணி அலசுற இடத்துலதாம்மா இந்தக் காலை நாலஞ்சு பார்த்துட்டேன்."

ஆம்பிளைகள் பிள்ளை பெற்றவள் அறைக்குள் வரக் கூடாது என்பதால், முதலாளி கதவுக்கு வெளியே நின்று தன் ஞானத்தை உள்ளே அனுப்பினார். "ஏம்மா, வியாதின்னா ரெண்டு காலும்ல சேர்ந்து வீங்கணும்? ஒரு கால் மட்டும் வீங்குனா அது சுளுக்குத்தான். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"முதலாளி, ஒரு கால் மட்டும் வீங்குறதுதான் பயம். அதுலயும் படுத்தே கிடந்தவளுக்கு, பிள்ளை பெத்தவளுக்கு வீங்குனா ரொம்பப் பயம். உள்ள ரத்தம் உறைஞ்சு கிடக்கு. அதைத் தேய்ச்சா பெயர்ந்து நெஞ்சுக்குப் போயிரும்."

"கால்ல இருக்கிற ரத்தம் எப்படிம்மா நெஞ்சுக்கு ஏறும்? தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்" என்று சிரித்தார். இந்த மூளையை வைத்துக்கொண்டு மூன்று தாலுகா வெங்காயத்துக்கு விலை சொல்கிற மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் முதுகில் ஏறி மிதிக்கலாம் போல இருந்தது.

அய்யம்மாள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வாசலைப் பார்த்து, "ஏலே, ஜட்காவைக் கூப்பிட்டுக்கிட்டு பேகம்பூரு போ. கமர்ஜஹானைக் கூட்டிட்டு வா. அதுக்கும் ரெட்டைப் பிள்ளைதான். இவளுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்றாள்.

கமர்ஜஹானை எனக்குத் தெரியும். நிஜமாகவே இரட்டைப் பையன்களைப் பெற்றவள். நல்லவள், கூப்பிட்ட இடத்துக்கு முகம் சுளிக்காமல் போவாள். ஆள் கனம் வேறு. நல்ல மனசோடு, முழுப் பாரத்தையும் போட்டு, அந்தக் கெண்டைக்காலை மூன்று தடவை நீவிவிட்டுப் போவாள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவாள்.

அந்த அரை மணிதான் ராமுத்தாய்க்கு இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்ததை அந்த அறையில் போட்டு உடைத்தேன்.

"அம்மா, கேட்டுக்கங்க. எனக்கு ரெட்டைப் பிள்ளை பிறக்கல. நான் பெத்தது ஒண்ணுதான். லூர்து என் பிள்ளை இல்ல. அவ ஆத்தாளுக்கும் இதே மாதிரி பிள்ளை பெத்த எட்டாம் நாளு, இதே இடது காலு வீங்குச்சு. சுளுக்குன்னு தேய்ச்சாக. மறுநாள் எந்திரிச்சு உட்கார்ந்தா, மூச்சு முட்டிச் செத்தா. என் கண்ணு முன்னால செத்தா. அந்தப் பிள்ளையைத்தான் நான் வளக்குறேன். இதுக்கு மேலயும் உங்க மக காலை மிதிக்கணுமா?"

சொன்னது உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

அய்யம்மாள் கையைத் தட்டிக்கொண்டாள். "அதானே! அதானே பார்த்தேன்! அதுக்குத்தான் என் இடுப்புப் பிடிப்பு வருசா வருசம் திரும்பித் திரும்பி வருது! பதினோரு வருசமா போலிக்காரி கால்லயில்ல மிதிபட்டிருக்கோம்! நல்ல வேளை, நீயே சொன்னே. கமர்ஜஹானே மிதிக்கட்டும்."

கதவுக்கு வெளியே முதலாளி, "ஜட்கா கிளம்பிருச்சா பாருங்கப்பா" என்றார்.

ஒரு தாய் செத்தது அவர்கள் காதில் விழவில்லை. இடுப்புப் பிடிப்புக்குக் காரணம் கிடைத்ததுதான் விழுந்தது. இவர்களிடம் என்ன சொல்லி என்ன, என்று வெறுத்துப்போய் நின்றேன்.

அப்போதுதான் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. அந்த வீட்டு ஆட்கள் யாரும் ராமுத்தாயிடம் இதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அக்கா, அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுறதுக்கு முன்னால நெஞ்சுல குத்துச்சா?"

"ஏம்மா கேக்குறே?"

"எனக்குக் காலையில இருந்து இந்தப் பக்கம் குத்துதுக்கா. மூச்சை இழுத்தா குத்துது. வாயுன்னு ஆத்தா சுக்குத்தண்ணி குடுத்துச்சு." விலாவைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பக்கத்தில் தூங்கிய குழந்தையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்கே தூக்கிப்போடுகிற மாதிரி கத்தினாள். "யாரும் என் காலைத் தொடக் கூடாது! கமர்ஜஹான் வந்தாலும் சரி, காளியாத்தாளே வந்தாலும் சரி! தொட்டீகன்னா பிள்ளையோட போயி கிணத்துல விழுந்துருவேன்! சம்பந்திக வெள்ளிக்கிழமை வந்து கிணத்தைப் பார்த்துக்கட்டும்!"

நான் சொன்ன அத்தனை காரணங்களும் செய்யாததைக் கிணறு செய்தது. பிள்ளை பெற்றவள் கிணற்றில் விழுந்தாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அது நன்றாகப் புரியும். முதலாளி மண்டிக்கு ஆள் விட்டு வண்டியை வரவழைத்தார். வெங்காய மூட்டை ஏற்றுகிற மாட்டு வண்டி. மெத்தையை விரித்து, ராமுத்தாயை எழுந்து உட்காரவும் விடாமல் கட்டிலோடு தூக்கி வந்து வண்டிக்கு மாற்றினோம். நான் அவளுடைய காலைத் தலையணையில் வைத்து, ஆடாமல் என் மடியில் பிடித்துக்கொண்டேன். தெரு முனையில் எதிரே ஜட்காவில் கமர்ஜஹான் வந்தாள். என்ன ஏது என்று புரியாமல் எங்களுக்குச் சலாம் வைத்தாள்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் என் முகத்தைப் பார்த்தார். "யாராவது தேய்ச்சாங்களா?"

"இல்லங்கம்மா. தேய்க்க விடல."

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுப் பார்த்தார். சின்னதாக ஒரு துண்டு முன்னமே நெஞ்சுக்குப் போயிருக்கிறது, இன்னொன்று பெரிதாகப் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். மதுரையிலிருந்து ஊசி மருந்து வரவழைத்தார்கள். காலை உயர்த்தி வைத்து, வேளாவேளைக்கு ஊசி போட்டு, வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முதல் டம்ளரை அவள் குடித்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சம்பந்திகள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். யார் வாய்க்குப் பயந்து மகளைக் கொல்லப் பார்த்தார்களோ அந்தச் சம்பந்தியம்மா, "ஏனுங்க, இம்புட்டு நாள் ஏனுங்க வீட்லயே வெச்சிருந்தீங்க? புள்ளை பொழைச்சாப் போதுங்க" என்று அய்யம்மாளைப் பிடித்து ஒரு சத்தம் போட்டாள். நான் படுக்கை விரிப்பு மாற்றுகிற சாக்கில் நின்று ஆசை தீரக் கேட்டேன்.

ராமுத்தாய் பிழைத்தாள். ஆறு வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனாள். முதலாளி குடும்பத்தோடு பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து, தெரு முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். காப்பாற்றியது முருகன் என்றார்கள். இருக்கட்டும், முருகனோடு எனக்கு வழக்கில்லை. பஞ்சாமிர்தம் என் வாசலை மட்டும் தாண்டிப் போனது.

அய்யம்மாள் சும்மா இருக்கவில்லை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்ற செய்தி அவள் வாயிலிருந்து ஒரு வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. செபாஸ்தி போலிக்காரி, ஒன்று பெற்றதல்ல, பொறுக்கியது என்ற செய்தி பேகம்பூர் வரை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடி யாரும் வரவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் ஊர் வாய் தெருவோடு நிற்குமா? பள்ளிக்கூடம் வரைக்கும் போனது.

ஒருநாள் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த லூர்து பையைக்கூட வைக்காமல் என் எதிரில் வந்து நின்றாள். நான் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாத்திமா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அழுதிருந்தாள், லூர்து அழவில்லை.

"நான்தானேம்மா அது?"

இந்த ஊருக்குப் பதினோரு வருஷம் சொல்லாமல் இருந்தேன். அவளிடம் அப்படி இருக்க முடியவில்லை. "ஆமா" என்றேன். கீரனூரையும், அங்காளம்மாள் என்ற பெயரையும் சொன்னேன். கால் வீங்கிய கதையையும் சொன்னேன். அப்பன் சொல்லிவிட்டுப் போனதை மட்டும் சொல்லவில்லை. அவள், வாத்தியார் சொல்வதைக் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அவுகளைத் தேய்ச்சப்ப நீ பக்கத்துக் கட்டில்ல தூங்கிக்கிட்டா இருந்தே?"

"இல்ல. முழிச்சுத்தான் இருந்தேன்."

"நீ என்ன செஞ்சே?"

இவ்வளவு நேரம் ஊரைத் திட்டிக்கொண்டு வந்தேனே, அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் நான்தான். இதை என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட மறைத்தேன். அங்காளம்மாளின் அம்மாவுக்கு அன்றைக்குத் தேய்க்கத் தைரியமில்லை. நர்ஸ் திட்டுவாளே என்று தயங்கித் தயங்கி என்னைத்தான் கேட்டாள்.

"சுளுக்காத்தான் இருக்கும், நல்லா அழுத்தித் தேய்ங்கன்னு சொன்னேன்டி. என் எண்ணெயைத்தான் எடுத்துக் குடுத்தேன். எனக்கு அப்பத் தெரியாது."

லூர்து திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பாத்திமாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி அவரைக்காயை நார் உரித்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து என்னை அம்மா என்று கூப்பிடும் முன் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுகிறாள். ஊரில் யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிகிறது.